ஒலுவில் துறைமுக வாயில் கிடக்கும் மணல் யாருடையது? ஒரு திறந்த மடல்

கடற்றொழில் அமைச்சு, கரையோரம் பேணல் திணைக்களம், மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனம், துறைமுக அதிகார சபை, அம்பாறை மாவட்டச் செயலகம் ஆகியவற்றில் இந்த விடயத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு,

கடல் கரையை அரிக்கிறது, ஒலுவில் துறைமுகத்தின் வாயை மூடுங்கள் என்று ஒரு மனு, படகு போக வழியில்லை, மணலை அள்ளித் திறந்துவிடுங்கள் என்று இன்னொரு மனு என உங்கள் மேசைகளுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கும். இது இரண்டிலும் சேராது. வாயை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே, அந்த மணலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அடுத்த பந்தியில் நீங்களே தேடத் தொடங்கிவிடுவீர்கள். நான் ஒலுவில்காரன். என் பெரியும்மாவுக்குக் கடற்கரையோடு ஒரு தென்னந்தோட்டம் இருந்தது. இப்போது காணி உறுதி மட்டும் இருக்கிறது, அலுமாரியில். என் தங்கையின் மாப்பிள்ளை சாய்ந்தமருதுக்காரர், ஆழ்கடல் படகு ஒன்றில் பங்காளி. நம்ம பக்கத்து வழக்கப்படி அவர் தங்கை வீட்டில்தான், அதாவது ஒலுவிலில்தான், இருக்கிறார். பெருநாள் அன்று எல்லோரும் ஒரே வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாடு முடிவதற்குள் துறைமுகம் வந்துவிடும். "வாயை மூடினால் படகை எங்கே கொண்டுபோய்க் கட்டுறது மச்சான்?" என்று அவர் கேட்பார். "திறந்து வைத்து என்னத்தைக் கண்டோம், அந்தா போயிட்டே என்ட தோட்டம்" என்று பெரியும்மா சொல்வார். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து எனக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தில்தான் இந்த மடலையும் எழுதுகிறேன்.

துறைமுகம் வந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் துறைமுக அமைச்சராக இருந்த காலத்துக் கனவு அது. 2000ஆம் ஆண்டு அவர் மறைந்தார். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்து இந்த மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொன்னது. கடலோடு விளையாடக்கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுத்து மூன்று நான்கு வருடம் கூட ஆகவில்லை, 2008இல் அதே கடலுக்குள் பாறாங்கற்களைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். டென்மார்க்கின் கடனுதவி, நான்கரைக் கோடி யூரோவுக்கும் மேல். 2013 செப்டம்பர் 1ஆம் திகதி திறப்பு விழா. வணிகக் கப்பல்கள் வந்து நிற்கும், ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். கப்பல்களைக் காணவில்லை. மீன்பிடிப் படகுகள் வந்தன. அவற்றோடு மணலும் வந்தது.

அந்த மணல் எங்கிருந்து வந்தது? பொறியியலாளர்கள் இதைப் பெரிய பெரிய சொற்களில் எழுதி வைத்திருப்பார்கள். நான் வயல்காரர்களுக்குச் சொல்லும் விதத்தில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் வாய்க்கால் சண்டையை விளங்காதவர் யாருமில்லை. நமது கிழக்குக் கரையோரமாக மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை சாய்வாக வந்து கரையில் மோதும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி மணலைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறது. வாடைக் காலத்தில் சில மாதங்கள் தெற்கே தள்ளும். மற்றக் காலம் முழுக்க வடக்கே தள்ளும். வருட முடிவில் கணக்குப் பார்த்தால் வடக்கே போனதுதான் அதிகம். ஆக, பாலமுனைப் பக்கத்திலிருந்து ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது என்று கரையோரமாக ஒரு மணல் வாய்க்கால் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால். அதன் குறுக்கே 2008இல் ஒரு வரம்பு போட்டோம். மேல்வயலில் தண்ணீர் தேங்கியது, கீழ்வயல் காய்ந்தது. துறைமுகத்தின் தென்பக்கத்தில் கரை அகன்றதையும் வடபக்கத்தில் தென்னைகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் சாய்ந்ததையும் விளங்கிக்கொள்ள இதற்கு மேல் படிப்பு வேண்டாம். தெற்கே தேங்கிய மணல் சுவரின் நுனியைச் சுற்றி வந்து துறைமுக வாயில் விழுகிறது. அதுவேதான் படகுகளை மறிக்கும் மேடு.

துறைமுகம் மட்டும்தான் காரணமா என்று கேட்டால், இல்லை. 1950ஆம் ஆண்டளவில் இங்கினியாகலையில் கல்லோயா ஆற்றை மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தைக் கட்டிய பிறகு மலையிலிருந்து வரும் மணலில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. மிச்சத்தில் ஒரு பங்கை ஆற்றிலேயே அள்ளி வீடு கட்டிவிடுகிறோம். கடலுக்கு வரும் மணல் ஏற்கெனவே குறைந்துதான் இருந்தது. சரி, குறைவாக வரும் வாய்க்காலில் வரம்பு போடும்போது இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டாமா?

முதலில் மூடச் சொல்லும் என் ஊர்க்காரர்களின் பேச்சுக்கு வருகிறேன். அவர்களைத் தொழிலுக்கு எதிரானவர்கள் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அப்படிப் பேசுகிறவர்கள் ஒரு தடவை வடபக்கக் கரையில் நடந்து பார்க்கட்டும். கடல் எடுத்தது தென்னையையும் வாடியையும் மட்டுமல்ல. இங்கே பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் செய்து வைக்கிறோம். மூன்று குமர் இருந்தால் மூன்று வளவு வேண்டும். ஆண்டாண்டாகப் பிரித்துப் பிரித்து வைத்த கடற்கரை வளவில் ஒரு துண்டு கடலுக்குள் போனால், ஒரு பிள்ளையின் கல்யாணம் தள்ளிப் போகிறது. இதை எந்த நட்டஈட்டுப் படிவத்திலும் எழுத இடமில்லை. கரைவலைக்காரர்களை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. கரைவலை இழுக்கக் கரை வேண்டும், ஐயா. வலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க மணல் வேண்டும். பாறாங்கல்லின் மேல் நின்று யாரும் வலை இழுக்க முடியாது.

ஆகவே அவர்களின் கோபம் நியாயம். துறைமுக வாயில் மணல் அள்ளும் இயந்திரத்தைக் கண்டதும் அவர்கள் மறிப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. வாயில் கிடக்கும் மணல் இயற்கையாக இருந்திருந்தால் என்றைக்கோ வடக்கே வந்து சேர்ந்திருக்க வேண்டியது. அதை அள்ளி வேறெங்காவது கொண்டுபோனால், தேங்கிய தண்ணீரையும் இறைத்து அடுத்த ஊருக்கு விற்பது போலத்தான். ஒவ்வொரு அள்ளலும் வடகரைக்கு இன்னொரு நட்டம். இந்தக் கணக்கை என் ஊர் மீனவர்கள் படிக்காமலே போட்டுவிட்டார்கள்.

ஆனால் வாயை மூடினால் கடலரிப்பு நின்றுவிடும் என்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. மணலை மறித்தது வாய் அல்ல, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சுவர்கள். இரண்டு சுவருக்கும் நடுவில் கல்லைப் போட்டு அடைத்தாலும் சுவர் அங்கேயேதான் நிற்கும், மறித்துக்கொண்டேதான் இருக்கும். சுவரையே பிடுங்கிவிடலாம் என்றால் அந்தச் செலவை யார் கொடுப்பது, பிடுங்கிய கல்லை எங்கே கொட்டுவது? ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால், துறைமுகம் முழுக்க மணல் நிரம்பி வழிந்த ஒரு நாளில் மணல் தானாக வடக்கே போகத் தொடங்கும் என்பது உண்மைதான். அதுவரைக்கும் வடக்கே பட்டினி. அந்த நாள் வரும்போது எங்களிடம் துறைமுகமும் இராது, கரையும் இராது.

இப்போது என் மச்சானின் பக்கம். துறைமுக வாய் அடைபட்டால் ஆழ்கடல் படகுகள் மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனைக்குப் போக வேண்டியிருக்கிறது. எரிபொருள், ஐஸ், மீனை லொறியில் ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் மேலதிகம். நாட்கணக்கில் கடலில் கிடந்து வந்த பிள்ளைகள் வீட்டுக்கு வராமல் அங்கேயே அடுத்த பயணத்துக்குக் காத்திருக்க வேண்டும். மேடு தட்டிப் படகு சாய்ந்தால் உயிருக்கும் உத்தரவாதமில்லை. இலட்சக்கணக்கில் கடன்பட்டுப் படகு வாங்கியவர் திறக்கச் சொல்லிக் கேட்காமல் வேறு என்ன கேட்பார்?

ஆனாலும் படகுக்காரச் சகோதரர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு, அதை உங்கள் முன்னிலையிலேயே கேட்கிறேன். "மணலை அகற்று" என்று பதாகை பிடித்தீர்கள். "அகற்றி வடகரையில் போடு" என்று அதே பதாகையில் இன்னும் இரண்டு சொல் எழுதியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? மாளிகைக்காட்டில் மையவாடியை, நம் ஜனாஸாக்களை அடக்கும் இடத்தை, கடல் அரித்ததே, நம் மூத்தவர்களின் கபுறுகளுக்கு என்ன ஆனது என்று எல்லோரும் பார்த்தோமே. அந்தக் கரையும் இதே மணல் வாய்க்காலில், துறைமுகத்துக்கு வடக்கேதான் இருக்கிறது. ஒலுவில்காரனின் தோட்டத்துக்காகக் கேட்காவிட்டாலும் உங்கள் சொந்த மையவாடிக்காகக் கேட்டிருக்கலாம்.

இரண்டு ஊரும் இப்படி முட்டிக்கொண்டு நிற்பதில் இலாபம் கண்டவர்களும் உண்டு. தேர்தல் வந்தால் ஒலுவிலில் நின்று "மூடுவோம்" என்றும், சில கிலோமீற்றர் தள்ளிப் போய் "திறப்போம்" என்றும் ஒரே வாயால் பேசியவர்களைக் கேட்டிருக்கிறேன். துறைமுகத்தின் வாய் அடைபட்டது, இவர்களுடைய வாய் அடைபடவில்லை.

உங்கள் தரப்பிலிருந்து இதுவரை கிடைத்த மருந்து பெரும்பாலும் கருங்கல். கரை உடைந்த இடத்தில் லொறி லொறியாகக் கல்லைக் கொட்டினீர்கள். வீட்டு வாசலுக்குக் கடல் வந்தவனுக்கு அது ஒரு நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் கல் மணலை உண்டாக்காது. கல் முடியும் இடத்தில் அலை இன்னும் மூர்க்கமாகக் கரையைக் கடிக்கும். ஒலுவிலில் கல் போட்டால் நிந்தவூரில் கேட்பார்கள், நிந்தவூரில் போட்டால் காரைதீவில் கேட்பார்கள். பாண்டிச்சேரியில் நடந்தது அதுதான். அங்கே துறைமுகச் சுவர் 1980களின் கடைசியில் முடிந்தது. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே அனுப்ப வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது, நடைமுறையில் கைவிடப்பட்டது. நகரத்துக் கடற்கரை மணல் போய் வெறும் பாறாங்கல் வரிசையாக மாறியது. அரிப்பு எல்லை தாண்டித் தமிழ்நாட்டு மீனவர் குப்பங்களுக்குப் போய்விட்டது. சென்னையில் இன்னும் பழைய பாடம் இருக்கிறது. 1876இல் துறைமுக வேலை தொடங்கிய பிறகு தெற்கே சேர்ந்த மணல்தான் இன்றைய மெரினாவின் அகலம். வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. ஒரே சுவர், ஒரு பக்கம் உலாவப் போகிறார்கள், மறுபக்கம் வீடு மாறிப் போகிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நமது நாட்டிலேயே அம்பாந்தோட்டை மாவட்டத்தில் 1985இல் கட்டிய கிரிந்த மீன்பிடித் துறைமுகம் கொஞ்ச காலத்திலேயே மணலால் அடைபட்டது. ஒலுவிலுக்குக் கல் வெட்டத் தொடங்குவதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே அந்த அனுபவம் உங்கள் கோப்புகளில் இருந்திருக்கிறது.

சரியாகச் செய்த இடமும் இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் ஒரு கழிமுகத்தைச் சுவர் கட்டி நிலைப்படுத்தியபோது, 1986இலேயே மணல் கடத்தும் ஏற்பாட்டையும் சேர்த்துச் செய்தார்கள். அங்கேயும் மணல் தெற்கிலிருந்து வடக்கேதான் ஓடுகிறது. தென்கரையில் கடலுக்குள் ஒரு பாலம், அதன் கீழே பம்புகள், வாயின் அடியால் ஒரு குழாய், வடகரையில் வெளியே. வருடத்துக்கு ஐந்து இலட்சம் கன மீற்றர் அளவில் மணல் அப்படிப் போகிறது. எங்களுக்கு அவ்வளவு பெரிய பாலம் கட்டித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நமது கடல் அமைதியாக இருக்கும். அப்போது ஒரு சிறிய அகழ்வுக் கப்பலும், சுவரைத் தாண்டி வடகரை வரைக்கும் ஒரு குழாயும் இருந்தால் வேலை தொடங்கலாம். தெற்கே தேங்கியதையும் சேர்த்து எடுத்தால் வாய் அடுத்த முறை அடைபடவும் நாளாகும்.

ஒரு தடவை செய்தால் போதாது. அங்கேதான் இந்த யோசனை பலருக்குக் கசக்கிறது. சுவர் இருக்கும் வரைக்கும், வருடா வருடம் இதைச் செய்தே ஆக வேண்டும். துறைமுகத்துக்கு விளக்கு எரிப்பது போல, காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பது போல இதுவும் ஒரு நிரந்தரச் செலவு. நிறைய ஆகும், தெரியும். அதைக் குறைப்பதற்கு, அள்ளும் மணலை விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்ற பேச்சு அவ்வப்போது காதில் விழுகிறது. தயவுசெய்து அந்தக் கதவைத் திறக்காதீர்கள். ஒரு தடவை இந்த மணலுக்கு விலை வைத்தால், அப்புறம் வடகரைக்கு ஒரு கூடை மணலும் வந்து சேராது. இது வடகரையின் மணல், வரும் வழியில் மறிபட்டுக் கிடக்கிறது. மறித்தவர் அதை விற்க முடியாது.

இதற்கெல்லாம் பொறுப்பு யார் என்று கேட்டால்தான் தலை சுற்றுகிறது. சுவரைக் கட்டியது துறைமுக அதிகார சபை. படகுகளைப் பார்ப்பது கடற்றொழில் தரப்பு. கரையைப் பார்ப்பது 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கரையோரம் பேணல் திணைக்களம். கரை உடைந்தால் மக்கள் போய் நிற்பது பிரதேச செயலகத்தில். நானும் ஒரு தடவை பெரியும்மாவின் உறுதியைக் கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். காணி எங்கே என்று கேட்டார்கள். கடலுக்குள் என்றேன். கடல் தங்களுக்குக் கீழ் வராது என்று இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே, காணிப் பிரச்சினை தங்களுக்குக் கீழ் வராது என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, சட்டம் அப்படி. ஆனால் ஒரு வட்டைக்குத் தண்ணீர் பங்கிட வட்டவிதானை ஒருவர் இருக்கிறார். மேல்வயல்காரன் மறித்தால் போய்ச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறது. பெரும்போகம் தொடங்குமுன் கூட்டம் போட்டு, எந்தத் திகதியில் மடை திறப்பது என்று எல்லோர் முன்னிலையிலும் எழுதிக்கொள்கிறோம். கடற்கரை மணலுக்கு அப்படி ஒருவரும் இல்லை, ஒரு கூட்டமும் இல்லை.

அதைத்தான் கேட்கிறேன். மணலுக்கு ஒரு வட்டவிதானை. உங்கள் ஐந்து அலுவலகங்களில் எது என்பதை நீங்களே பேசித் தீர்மானியுங்கள், ஆனால் ஒன்றாக இருக்கட்டும், அதன் பெயர் எழுத்தில் இருக்கட்டும். வாயில் ஒரு கூடை மணல் எடுப்பதானாலும் அது வடகரையில் எங்கே கொட்டப்படும் என்று அதே அனுமதிப் பத்திரத்தில் இருக்கட்டும். கொட்டும் நாளில் இரண்டு ஊர்ச் சங்கங்களிலிருந்தும் ஆட்கள் நின்று கண்ணால் பார்க்கட்டும். கரை எவ்வளவு தேய்ந்தது, எவ்வளவு திரும்பியது என்பதை அளக்க வெளியூரிலிருந்து நிபுணர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதில் பொறியியல் பீடமும் இருக்கிறது. மாதம் ஒரு தடவை மாணவர்கள் போய் அளந்து, அந்த இலக்கங்களைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டினால் எங்கள் சண்டையில் பாதி குறையும். இப்போது ஒவ்வொருவரும் அவரவர் கண்ட கடலை வைத்துத்தான் சண்டை பிடிக்கிறோம். துறைமுகம் கட்டுமுன் செய்த சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கையையும் தமிழில் வெளியிடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து வாங்கலாம், அது தெரியும். நாங்கள் கேட்டு வாங்குவதை விட நீங்களாகத் தருவது நல்லது.

காணி போனவர்களின் நட்டஈட்டை இதோடு சேர்த்து இழுத்தடிக்க வேண்டாம். மணல் திரும்பினாலும் பெரியும்மாவின் தோட்டம் திரும்பாது. அது தனிக் கணக்கு.

கச்சான் காலம் வீணாகப் போனால் வாடைக் காற்று வந்துவிடும். அதன் பிறகு எந்த இயந்திரமும் வாயில் நிற்க முடியாது, இன்னொரு மாரியையும் கல்லை நம்பித்தான் கழிக்க வேண்டியிருக்கும். ஆகவே கூட்டத்துக்கு ஒரு திகதி சொல்லுங்கள். ஒலுவிலில் வைத்தால் சாய்ந்தமருதுக்காரர் வரமாட்டார், அங்கே வைத்தால் ஒலுவில்காரர் போகமாட்டார் என்று யோசிக்கிறீர்களா? நிந்தவூரில் வையுங்கள், இரண்டுக்கும் நடுவில். என் மச்சானையும் பெரியும்மாவையும் ஒரே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஒலுவிலில் இருந்து,
படகும் தோட்டமும் உள்ள ஒரு குடும்பத்தவன்